பழசு பாடுது, புதுசு சார்ஜ் ஏறுது

இடம்: அடையாறு, காந்தி நகர், மூன்றாவது மாடி ஃபிளாட். நேரம்: ஞாயிறு காலை, இட்லி முடிந்து இரண்டாவது காபி வருவதற்கு முன். வெளியே மெட்ரோ வேலை. ஜன்னலைச் சாத்தினாலும் தரை வழியாக ஏறி வருகிற சத்தம்.

பேசுகிறவர்கள் இரண்டு பேர்.

புதுசு: வயது 66. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் இருந்தபோது கடன் கேட்டு வந்தவரைக் கேள்வி கேட்டே பாதியில் எழுந்து போக வைத்தவர். இப்போது தள்ளுபடி விற்பனை வந்தால் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

பழசு: வயது 22. அவருடைய தம்பி மகள். தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவு படிக்கிறாள். பி.சி. ஸ்ரீராம் படித்த இடம். பெரியவர்கள் வாயில் அது இன்னும் அடையாறு பிலிம் இன்ஸ்டிட்யூட்தான்.

பெயர்கள் இடம் மாறிவிட்டன என்று யாரும் அச்சகத்தைத் திட்ட வேண்டாம்.

புதுசு: அது என்னம்மா கழுத்துல, ஸ்டெதஸ்கோப்பா?

பழசு: இயர்போன், பெரியப்பா. அப்பாவோடது. சென்ஹைசர் சி.எக்ஸ். 180. 2013-ல ஆயிரம் ரூபாய்க்கு உள்ளே வாங்கினது.

புதுசு: கல்யாண மோதிரத்தையே பெசன்ட் நகர் பீச்ல விட்டுட்டு வந்தவன் உங்கப்பன். இதை எப்படித் தொலைக்காம வெச்சிருக்கான்?

பழசு: மோதிரத்துக்கு வயர் இல்லையே.

புதுசு: (சட்டைப் பையிலிருந்து கறுப்பு டப்பா ஒன்றை எடுத்து, டிக்கென்று திறந்து) இங்க பாரு. போன வாரம் சேல்ல வந்தது. எம்.ஆர்.பி. நாலாயிரத்து ஐந்நூறு. எனக்கு ஆயிரத்து ஐந்நூறு. மூவாயிரம் லாபம்.

பழசு: செலவை லாபம்னு எழுதிக்கிட்டு வந்த பார்ட்டிக்கு நீங்க கடன் சாங்ஷன் பண்ணியிருப்பீங்களா?

புதுசு: அது பேங்க். இது டெக்னாலஜி. நாய்ஸ் கேன்சலேஷன் இருக்கு, ஸ்பேஷியல் ஆடியோ இருக்கு, கேம் மோட் இருக்கு...

பழசு: நீங்க என்ன கேம் ஆடறீங்க?

புதுசு: ஆடினா இருக்கட்டும்னுதான். அப்புறம் இந்தத் தங்க ஸ்டிக்கரைப் பாரு. ஹை-ரெஸ். நாற்பதாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் வேலை செய்யும்.

பழசு: அது வேலை செய்யும். காது? மனுஷக் காதுக்கு உச்சமே இருபதாயிரம். அதுவும் சின்ன வயசுல. அறுபதைத் தாண்டினா பத்து, பன்னிரண்டாயிரத்துக்கு மேல நிறைய பேருக்கு எட்டாது.

புதுசு: அதெல்லாம் மத்தவங்களுக்கு.

பழசு: சரி, போன் ஸ்பீக்கர்ல ஒரு சத்தம் போடறேன். கேட்டதும் கையைத் தூக்குங்க. (போனைத் தட்டுகிறாள்.)

புதுசு: ம், ரெடி. ஆரம்பி.

(அரை நிமிடம் ஆகிறது.)

புதுசு: என்ன, நெட் போயிடுச்சா?

பழசு: பன்னிரண்டாயிரம் ஹெர்ட்ஸ் ஓடிக்கிட்டு இருக்கு, பெரியப்பா.

புதுசு: வால்யூமைக் கூட்டு.

பழசு: கூட்டினா பக்கத்து ஃபிளாட் குழந்தை எழுந்துடும். இப்போ எட்டாயிரம்.

புதுசு: ஆங், வந்துடுச்சு! கூவுது.

பழசு: எட்டுல இருந்து நாற்பது வரைக்கும் நீங்க காசு கொடுத்ததெல்லாம் எதிர்வீட்டு நாய்க்கு.

புதுசு: இருக்கட்டும்மா. அக்கவுன்ட்ல மினிமம் பேலன்ஸ் வைக்கறதில்லையா? எடுக்க முடியாதுன்னு தெரிஞ்சும் வைக்கறோம்ல, அதுமாதிரி.

(இந்தப் பதிலில் முப்பத்தைந்து வருட அனுபவம் இருக்கிறது. மறுக்க முடியவில்லை.)

பழசு: அந்த டி.வி. ஸ்டாண்ட் டிராயரைத் திறங்க.

புதுசு: அங்க ஒண்ணும் இல்லை. பழைய கரன்ட் பில்லு.

பழசு: (தானே திறந்து) ஒண்ணு, ரெண்டு, மூணு டப்பா. இது என்ன, தனியா ஒரு இடது காது?

புதுசு: வலது காது 29சி பஸ்ல விழுந்துடுச்சு. கண்டக்டர்கிட்ட சொன்னேன், "காதா விழுந்துச்சு?"ன்னு கேட்டார். ஆனா இது நல்லாத்தான் இருக்கு, எறிய மனசு வரலை.

பழசு: கோயில் வாசல்ல ஒத்தைச் செருப்போட நிக்கற மாதிரி. இந்த நீலம்?

புதுசு: நாற்பது நிமிஷம் பாடும். அப்புறம் ஒரு பொண்ணு வந்து இங்கிலீஷ்ல "பேட்டரி லோ"ன்னு சொல்லிட்டுப் போயிடும். வாங்கறப்ப ஆறு மணி நேரம் பாடினது.

பழசு: அதான் விஷயமே. உள்ள இருக்கறது நகத்தளவு லித்தியம் பேட்டரி. நாற்பது, ஐம்பது மில்லி ஆம்பியர். தினமும் ஏத்தி இறக்கினா ரெண்டு, மூணு வருஷத்துல தளர்ந்துடும். பசை போட்டு ஒட்டியிருக்கான், பிரிச்சா உடையும். பேட்டரி போச்சுன்னா ஸ்பீக்கரும் கூடவே உடன்கட்டை. ஸ்பீக்கர் பாவம் நல்லாத்தான் இருக்கும்.

புதுசு: கம்ப்யூட்டருக்கு வருஷம் நாற்பது பர்சென்ட் தேய்மானம்னு வருமான வரிச் சட்டமே ஒத்துக்குது. எலெக்ட்ரானிக்ஸ்னா தேயத்தான் செய்யும்.

பழசு: அப்போ என் கழுத்துல இருக்கறதுக்கு அதே கணக்கைப் போடுங்க. பன்னிரண்டு வருஷம்.

புதுசு: (காற்றில் பெருக்கி) ஆயிரம்... அறுநூறு... முந்நூத்தி அறுபது... கடைசியில ரெண்டு ரூபா சில்லறை நிக்கும்.

பழசு: ரெண்டு ரூபாய்ச் சாமான் பாடிக்கிட்டு இருக்கு. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சாமான் டப்பாக்குள்ள சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கு.

புதுசு: என்ன பாடுது? வெறும் டொம் டொம். அன்னிக்கு உங்கப்பன் காதுல வெச்சுவிட்டான், மிருதங்கம் வாசிக்கறவர் என் மடியில உட்கார்ந்திருந்தார். பாடறவர் மைலாப்பூர்ல இருந்தார்.

பழசு: அது உண்மை. இதுல பேஸ் கொஞ்சம் ஊதிப்போயிருக்கும், குரல் பின்னாடி தள்ளி நிக்கும். அந்தக் காலத்து ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் இயர்போன்ல பாதிக்கு மேல அப்படித்தான். கடையில கேட்டதும் ஆள் தலையாட்டணுமே. சவுண்ட்மேஜிக் மாதிரி ஒண்ணு ரெண்டுதான் கொஞ்சம் அடக்கி வாசிச்சுது.

புதுசு: ஒத்துக்கிட்டே பாத்தியா!

பழசு: முழுசாக் கேளுங்க. உள்ள இருக்கற சமாச்சாரம் அன்னிக்கும் இன்னிக்கும் ஒண்ணுதான். ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், அதுமேல மெல்லிசா ஒரு சவ்வு. மாறினது, எந்த சுருதி எவ்வளவு தூக்கலா கேட்கணும்ங்கற ஞானம். 2012, 13-ல ஹார்மன் கம்பெனியில ஷான் ஆலிவ், டாட் வெல்டின்னு ரெண்டு பேர் நிறைய பேரை உட்கார வெச்சு, எது பிடிக்குதுன்னு கேட்டுக் கேட்டு ஒரு கோடு போட்டாங்க. சீனாக்காரங்க அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. 2022-ல மூன்டிராப் சூன்னு ஒண்ணு வந்துது, 20 டாலர். வயர் போட்டதுதான். குரல் அப்படியே எதிர்ல நிக்கும். இந்த சி.எக்ஸ். 180-ஐ அதுக்குப் பக்கத்துல வெச்சா, இது ஜலதோஷம் பிடிச்சுப் பாடுது.

புதுசு: அப்போ புதுசுதான் ஒசத்தி. கேஸ் முடிஞ்சுது.

பழசு: வயருக்கு வயர் வெச்சா புதுசு ஒசத்தி. உங்க டப்பாவுக்கு அந்தக் கணக்கு ஒட்டாது. ஆயிரத்து ஐந்நூறை நீங்களே பிரிச்சுப் பாருங்களேன். ரெண்டு காதுக்கு ரெண்டு பேட்டரி, டப்பாவுக்கு ஒண்ணு. ரெண்டு புளூடூத் சிப். நாலு மைக். சார்ஜ் பண்ற சர்க்யூட். கீல் வெச்ச மூடி. அப்புறம் விளம்பரத்துல வர்ற கிரிக்கெட் வீரர். எல்லாருக்கும் பங்கு போனப்புறம் அந்த சவ்வுக்கும் காந்தத்துக்கும் என்ன மிஞ்சும்?

புதுசு: ஓவர்ஹெட்ஸ் ஜாஸ்திங்கற.

பழசு: அதே ஆயிரத்து ஐந்நூறு வயர் இயர்போனுக்குப் போனா, ஒரு பிளாஸ்டிக் கூடும் வயரும் போக மீதியெல்லாம் சத்தத்துக்குத்தான்.

புதுசு: உன் வயரைப் போட்டுக்கிட்டு 29சி-யில அடையாறு சிக்னல்ல இருந்து மைலாப்பூர் வரைக்கும் போய்ப் பாரு. இன்ஜின் சத்தத்துல பாட்டு எங்க கேட்கும்? நான் இதை மாட்டினேன்னா பஸ்ஸே நின்னுட்ட மாதிரி இருக்கு.

பழசு: அதுல உங்க பக்கம்தான், பெரியப்பா. வெளியில இருக்கற மைக் சத்தத்தைப் பிடிச்சு, அதைத் தலைகீழாத் திருப்பி உள்ள விடுது. ரெண்டும் மோதி அடங்கிடுது. இன்ஜின், ஏ.சி., மெட்ரோ மெஷின் மாதிரி ஒரே சீரா உறுமற சத்தத்துக்கு அது கில்லாடி. சி.எக்ஸ். 180-ஆல முடியவே முடியாது. வயர் சட்டையில உரசற சத்தம் வேற கூடச் சேரும்.

புதுசு: (நாற்காலியில் நிமிர்ந்து) எழுதி வெச்சுக்கோ.

பழசு: ஹார்ன் அடிச்சா?

புதுசு: அது உள்ள வருது.

பழசு: கண்டக்டர் விசில்?

புதுசு: அதுவும் வருது. பக்கத்து சீட்ல சம்பந்தி சண்டையை போன்ல சொல்லிக்கிட்டு வர்ற அம்மா குரல், பஸ் சத்தம் போனதும் இன்னும் தெளிவா வருது. போன வாரம் அதுக்காகவே ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கினேன்.

பழசு: சீரா இல்லாத சத்தத்தை அது துரத்திப் பிடிக்கறதுக்குள்ள சத்தம் காதுக்குள்ள போயிடும்.

புதுசு: அது இருக்கட்டும், இந்த வாரமா வலது பக்கம் சத்தம் கம்மியா வருது. வாரன்ட்டியில மாத்திடலாமான்னு பாக்கறேன். அதுக்குள்ள சேல் வேற வருது...

பழசு: கொடுங்க. (ரப்பர் மூடியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறாள். கம்பி வலை இருக்க வேண்டிய இடம் தேன் நிறத்தில் மூடிக் கிடக்கிறது.) இது கம்பெனி தப்பு இல்லை. உங்க சொந்த உற்பத்தி.

புதுசு: ச்சீ, உங்க பெரியம்மா பாத்துடப் போறா.

பழசு: (காய்ந்த டூத் பிரஷ்ஷால், வலை கீழே பார்க்கப் பிடித்து, மெல்லத் தட்டுகிறாள்.) வலையைக் கீழே பாத்து வெச்சுத்தான் தேய்க்கணும். மேல பாத்தா அழுக்கு உள்ள போயிடும். இந்தாங்க.

புதுசு: (மாட்டிப் பார்த்து) அட! புதுசு மாதிரி இருக்கே!

பழசு: புதுசுதான் பெரியப்பா. ஒரு வாரம்தான் ஆச்சு. இந்த ரப்பரும் உங்களுக்குப் பெரிசு. காதை அடைச்சு உட்காரலைன்னா பேஸெல்லாம் இடுக்கு வழியா ஓடிடும். டிராயர்ல இருக்கறதுல பாதி இந்த ரெண்டு காரணத்துக்காகவே ஜெயிலுக்குப் போயிருக்கும்.

புதுசு: சரி, ஒரு போட்டி வெச்சுக்கலாம். ஏதாவது போடு. எதுல நல்லா இருக்குன்னு நானே சொல்றேன்.

பழசு: எம்.டி.ஆர். போடவா?

புதுசு: சோனி எம்.டி.ஆரா? வாக்மேன் காலத்துல இருந்தே ஹெட்போனுக்கு அந்தப் பேர்தானே. நானும் ஒண்ணு வெச்சிருந்தேன்.

பழசு: எம்.டி. ராமநாதன், பெரியப்பா! நம்ம கலாக்ஷேத்ராவுல சொல்லிக்கொடுத்தவர். டைகர் வரதாச்சாரியார் சிஷ்யர். பேஸ் பட்டன் எதுவும் இல்லாம தொண்டையிலேயே பேஸ் வெச்சிருந்தவர்.

புதுசு: அவரா! போடு, போடு. இரு, ஸ்பேஷியல் ஆடியோவை ஆன் பண்ணிக்கறேன்.

பழசு: அது மோனோ ரெக்கார்டிங். சபையில ஒரே டேப்ல பிடிச்சது.

புதுசு: அதனால என்ன? இது சுத்திவரக் கொடுக்கும். (தலையை இடமும் வலமும் திருப்புகிறார்.) அருமை! நான் திரும்பினா அவர் அங்கேயே இருக்கார்.

பழசு: நிஜத்துலயும் கச்சேரியில அவர் அங்கேயேதான் இருந்தார். தலையை ஆட்டினது ரசிகர்கள். இப்போ அதை அணைச்சுட்டுக் கேளுங்க. அப்புறம் இதை மாட்டுங்க.

(பெரியவர் சி.எக்ஸ். 180-ஐ மாட்டிக்கொள்கிறார். ஓர் ஆலாபனை நேரம் பேச்சில்லை. மாற்றி மாற்றிக் கேட்கிறார்.)

புதுசு: கீழே இறங்கறப்போ இதுல உடம்பே அதிருது. ஆனா வயலின் கொஞ்சம் மங்கல். என்னுதுல வயலின் பளிச்சுன்னு இருக்கு, கூடவே டேப் இரைச்சலும் பளிச்சுன்னு இருக்கு. டிரா.

பழசு: பன்னிரண்டு வருஷம் மூத்ததோட டிரா.

புதுசு: வயர்ல ஒரு சங்கடம் இருக்கும்மா, உனக்குத் தெரியாது. ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஃபேக்டரி ஓடிக்கிட்டு இருந்த காலத்துல ஒரு போன் வாங்கினேன், பெட்டியிலயே இயர்போன் கொடுத்தான். அந்த இயர்போனை அப்புறம் வேற கம்பெனி போன்ல சொருகினேன் பாரு, பின்னணி இசை மட்டும் வருது, எஸ்.பி.பி.யைக் காணோம்! எங்கேயோ கிணத்துக்குள்ள இருந்து ஈனஸ்வரத்துல ஒரு குரல். பிராஞ்ச்ல எல்லார்கிட்டயும் கரோக்கி வசதின்னு காட்டினேன். ரெண்டு பேர் வாங்கறதுக்கு மாடல் நம்பர் கேட்டாங்க.

பழசு: (சிரித்து முடிக்க நேரமாகிறது.) பின்னுல நாலு வளையம் இருக்குல்ல? இடது, வலது ரெண்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுக்கு அடுத்த ரெண்டுல எது மைக், எது கிரவுண்டுங்கறதுல நோக்கியா ஒரு முறை, ஆப்பிள் வேற முறை. மாத்திச் சொருகினா கிரவுண்டு அந்தரத்துல நிக்கும். ரெண்டு பக்கமும் ஒண்ணா வர்ற சத்தம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். பாடகர் குரலை எப்பவும் நட்ட நடுவுல, ரெண்டு பக்கமும் சமமா வைப்பாங்க. அதனால அவர் காலி, ஓரத்துல இருக்கற வாத்தியம் மட்டும் மிச்சம். மைக் பட்டனை அழுத்திப் பிடிச்சிருந்தா எஸ்.பி.பி. திரும்ப வந்திருப்பார்.

புதுசு: அழுத்திக்கிட்டேவா?

பழசு: பாட்டு முடியற வரைக்கும். கட்டை விரல் வலிக்கும்.

புதுசு: இதைத்தான் சொல்றேன். புளூடூத்ல அந்த வம்பே கிடையாது.

பழசு: வம்பு வேற ரூபத்துல இருக்கு. சத்தத்தைப் பொட்டலம் கட்டி அனுப்பி, அங்க பிரிச்சு ஒலிக்கறதுக்குள்ள சாதாரண பட்ஸ்ல ஒரு நொடியில அஞ்சுல ஒரு பங்கு போயிடும். சினிமாவுல நொடிக்கு 24 ஃபிரேம். கிட்டத்தட்ட அஞ்சு ஃபிரேம் லேட். வீடியோ ஆப்ல படத்தையும் அதே அளவு தாமதிச்சு சமாளிச்சுடறான், அதனால உங்களுக்குத் தெரியாது. நான் டப்பிங்ல உதட்டசைவு பாக்க அதைப் போட்டேன்னா கதாநாயகி வாயை மூடினப்புறம் வசனம் வரும்.

புதுசு: நம்ம சீரியல்ல அப்படித்தானே வருது.

பழசு: ...அது வேற காரணம்.

புதுசு: எல்லாம் சரி. உன் பின்னை எந்த ஓட்டையில சொருகுவே? என் போன்ல ஓட்டையே இல்லையே.

பழசு: அங்கதான் அடிச்சுட்டாங்க. இயர்போன் சாகலை, ஓட்டையைத்தான் மூடிட்டான். 2016-ல ஐபோன் 7-ல எடுத்தப்புறம்தான் இது பரவிச்சு. அதே வருஷமே ஏர்பாட்ஸ் விக்க வந்துடுச்சு. 2020-ல பெட்டியில இருந்த இயர்போனையும் எடுத்துட்டு, சுற்றுச்சூழலுக்காகன்னாங்க. அடுத்த ஜனவரியில சாம்சங் எஸ்21-லயும் பெட்டி இளைச்சுது. பிரான்ஸ்ல மட்டும் போனோட இயர்போன் கொடுக்கணும்னு சட்டம் இருந்ததால அங்க மட்டும் கொஞ்ச காலம் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க.

புதுசு: பெட்டியில வெச்சு ஓசியில கொடுத்தா சுற்றுச்சூழல் கெடும். தனி டப்பாவுல, மூணு பேட்டரியோட, காசுக்கு வித்தா கெடாது. நல்ல பாலிசி. எங்க ஹெட் ஆபீஸ் ஞாபகம் வருது. அப்போ நீ எப்படித்தான் கேட்கறே?

பழசு: டாங்கிள். (ஜீன்ஸ் பையிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு துண்டு வயரை எடுக்கிறாள்.) ஒரு பக்கம் டைப்-சி, மறுபக்கம் பழைய ஓட்டை. ரிச்சி தெருவுல வாங்கினது. மொதல்ல ஐம்பது ரூபாய்க்கு ஒண்ணு எடுத்தேன், என் போன்ல பேச்சு மூச்சில்லை. சில போன் பாட்டை மின்சாரமாவே அந்த வழியா அனுப்பும், அதுக்கு வெறும் வயர் போதும். பாக்கி போனெல்லாம் டிஜிட்டலாத்தான் கொடுக்கும். அதைப் பாட்டா மாத்த வயருக்குள்ளேயே டி.ஏ.சி.ன்னு ஒரு சிப் வேணும்.

புதுசு: ரிப்பேரும் அங்கதானா?

பழசு: பின்னுக்குப் பக்கத்துல வயர் ஒரு தடவை போச்சு. நல்ல ஆளா பாத்துக் கொடுக்கணும். உள்ள இருக்கற செப்பு இழை முடியைவிட மெல்லிசு, சிவப்பு, பச்சைன்னு மெருகு பூசியிருக்கும். சுரண்டினா அறுந்துடும். சூடான சால்டரிங் முனையில ஈயத்தோட சேத்துக் கொஞ்ச நேரம் பிடிச்சா மெருகு எரிஞ்சு புகையாப் போகும், அப்புறம்தான் ஈயம் பிடிக்கும். அது தெரியாதவர்கிட்ட கொடுத்தா, ஒட்டிட்டேம்பார், ஒரு பக்கம் கேட்காது.

புதுசு: (டாங்கிளை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்க்கிறார்.) இதுக்குள்ளேயா சிப்பு? இதுலயும் நல்லது, சுமாரானதுன்னு ரகம் இருக்கா?

பழசு: இருக்கு. சத்தம் சுத்தமா, இரைச்சல் இல்லாம வர்றது, ஜாஸ்தி வால்யூம் கொடுக்கறது...

புதுசு: இந்த ரப்பர்ல?

பழசு: சிலிகோன் இருக்கு. ஃபோம்னு பஞ்சு மாதிரி ஒண்ணு. துளை பெரிசா இருந்தா ஒரு மாதிரி கேட்கும், சின்னதா இருந்தா வேற மாதிரி.

புதுசு: ஒவ்வொண்ணுக்கும் ஒரு சத்தமா! வயர்?

பழசு: சில புது மாடல்ல வயரைக் கழட்டி மாட்டலாம். வெள்ளி முலாம் பூசினதுன்னு விப்பாங்க. அதெல்லாம் வித்தியாசம் தெரியாது, பெரியப்பா.

புதுசு: உனக்குத் தெரியாம இருக்கலாம்.

பழசு: எட்டாயிரம் ஹெர்ட்ஸ்...

புதுசு: இத்தனை நாளா இதையெல்லாம் ஏம்மா என்கிட்ட சொல்லலை? நான் பழசுன்னா ஒரு தடவை வாங்கிட்டு சும்மா இருக்கறதுன்னு இல்ல நினைச்சேன்! (போனை எடுத்து விரலை ஓட்டுகிறார்.) டாங்கிள் ரெண்டு... ஒண்ணு ஸ்பேர். ரப்பர் மூணு சைஸ், பஞ்சு மூணு சைஸ். வெச்சுக்க ஜிப் போட்ட பௌச். இது என்ன, வயர் இயர்போனைப் புளூடூத்தா மாத்தற ரிசீவர்! சார்ஜ் பண்ணிக்கலாம்னு போட்டிருக்கான்.

பழசு: பெரியப்பா, அது அத்தனையும் எந்த இயர்போனுக்கு?

புதுசு: உங்கப்பனோடதுதான். அவன்கிட்ட நான் பேசிக்கறேன், நீ கழட்டி வை.

பழசு: அதோட புத்தக மதிப்பு ரெண்டு ரூபாய்னு இப்பதானே கணக்குப் போட்டீங்க?

புதுசு: அசெட் ரெண்டு ரூபாய்தான். மெயின்டனன்ஸ் தனி ஹெட். மூவாயிரத்து நூத்தி இருபது வருது. இரு, கூப்பன் போட்டா முந்நூறு லாபம்.